ஃப்ளாஸ்க்கில் இருந்தது ரசமில்லை

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் கப்பல் மாமா யாரிடமாவது சொல்லி, அது சுற்றிச் சுற்றி உங்கள் காதுக்கு வந்துவிடும். கோழி சாலட்டின் மேல் ஊற்ற வேண்டிய சாற்றை மிளகு ரசம் என்று நினைத்து, ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தவன் நான். ஊதுகிற அளவுக்கு அது சூடாகக்கூட இல்லை, சில்லென்று இருந்தது. பழக்கதோஷத்தில் ஊதினேன். ஆறிப்போன ரசத்தைக் கொடுத்துவிட்டாரே என்று மனதுக்குள் அவரை மன்னிக்கவும் செய்தேன்.

கப்பல் மாமா கடலூர் முதுநகரில் எங்கள் தெருக்காரர். சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக உலகத்தைச் சுற்றிவிட்டு ஓய்வு பெற்றவர். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு, ஆனால் ரேஷன் கடைக்காரரே அதைப் பார்ப்பதில்லை. அவரைப் போல ஒரு மனிதர் வங்காள விரிகுடாவின் இந்தக் கரையிலும் கிடையாது, அந்தக் கரையிலும் கிடையாது. இரண்டு கரையையும் பார்த்தவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான் என்பதால் இந்தத் தகவலை அவரே எங்களுக்குத் தந்தார். முறைப்படி அவர் எனக்கு மாமா ஒன்றும் இல்லை. நான் ‘மாமா’ என்பேன், அவர் ‘மச்சான்’ என்பார். சொந்தம் அத்தோடு சரி.

கப்பலை விட்டு அவர் இறங்கினாரே தவிர அவருடைய சமையலறை இறங்கவில்லை. அலமாரிகளுக்கெல்லாம் குறுக்கே கம்பி. டம்ளர்கள் கொக்கியில். அடுப்பின் மேல் இருக்கிற குக்கருக்குக் கூட இரண்டு பக்கமும் கயிறு.

“ஏன் மாமா, ஊடு என்னா ஆடவா போவுது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆடுனா என்னா பண்ணுவ?”

சிரித்தேன். அந்த ஐப்பசியிலேயே தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டு அண்டா மிதந்து போய் அடுத்த தெருவில் கரை ஒதுங்கியது. மாமா வீட்டில் ஒரு ஸ்பூன் கூட இடம் மாறவில்லை. நான் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இனி அந்த சாலட். பல தேசத்து ஆட்களுக்குச் சமைத்த மனிதர் அவர். “ஒருத்தன் புளிப்பு கேப்பான். ஒருத்தன் இனிப்பு கேப்பான். ஒருத்தனுக்குக் காரம் ஜாஸ்தி வேணும். கேப்டனு உப்ப கொறைன்னுவாரு. எல்லாத்தையும் ஒரே கிண்ணத்துல போட்டு, உள்ளயே அடிச்சிக்குங்கடான்னு உட்டுட்டேன்” என்பார். கோழியை இஞ்சி தட்டிப் போட்டு வேக வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, நார் நாராகக் கையால் பிய்ப்பார். கத்தி தொடக்கூடாது. அதனோடு ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை, முளைகட்டி வெந்நீரில் முக்கியெடுத்த பச்சைப்பயறு, வெள்ளரிக்காய், வெங்காயம், கொத்தமல்லி, புதினா. மேலே வறுத்து உடைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. எல்லாம் முடிந்த பிறகு சோயா சாஸ், எலுமிச்சை, இஞ்சி, மிளகாய், வெல்லம், நல்லெண்ணெய் கலந்த சாறு. அதையும் சாப்பிட உட்காருகிற நிமிஷத்தில்தான் ஊற்ற வேண்டும்.

“முன்னாடியே ஊத்துனா வெள்ளரிக்கா அழுதுரும் மச்சான்.”

முதன்முதலில் அவர் வீட்டில் அதைச் சாப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, கையைக் கழுவாமல் நாகரிகமாகக் காத்திருந்தேன்.

“சோறு எப்ப மாமா வரும்?”

“வராது.”

வீட்டுக்குப் போய் மனைவிக்குத் தெரியாமல் பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். இந்த ஊரில் கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் சுண்டல். சுண்டல் என்றால் சாமி படைத்துவிட்டுக் கொடுப்பது. அதில் போய்க் கோழியைப் போட்டால் தெரு என்ன செய்யும்? ‘கோழிச் சுண்டல்’ என்று பெயர் வைத்துவிட்டது. மீன்காரம்மாவில் தொடங்கி கேபிள்காரர் வரை யார் அப்படிச் சொன்னாலும் மாமா நின்று திருத்திவிட்டுத்தான் நகர்வார்: “சுண்டல் இல்ல. சாலட்.” ஒரு நவராத்திரிக்கு எதிர்வீட்டு அம்மா கொலு பார்க்க அழைத்துச் சுண்டல் கொடுத்தார். இவர் ஒரு வாய் போட்டுவிட்டு, “பதம் நல்லாருக்கு. கொஞ்சம் கோழி பிச்சிப் போட்டா தூக்கிரும்” என்றார். அந்த அம்மா கிண்ணத்தை அவர் கையிலிருந்தே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், மலர். குமராட்சிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மாமாவின் மனைவி முன்பே தவறிவிட்டார். மலர் மாசமானாள். தெருவுக்கே மிட்டாய் கொடுத்த மாமாவின் முகம் அதற்கப்புறம் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஐந்தாம் மாதம் பிறந்தும் அவளுக்கு மசக்கை தீரவில்லை. குறிப்பாகச் சோறு கொதிக்கிற வாசம் ஆகவில்லை. குமராட்சியில் நெல்லுக்காரர் வீட்டில் இருந்துகொண்டு சோற்று வாசம் ஆகாது என்றால் எங்கே போவது? இளைத்துத் துரும்பாகிவிட்டாள். ஏற்கெனவே ஒரு முறை சிதம்பரம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியாகிவிட்டது. “சத்தா ஏதாவது உள்ள போயே ஆவணும். இப்படியே போனா கொழந்தைக்கு ஆவாது” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஐந்தாம் மாதத்தில் பெண்ணின் தாய்வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோவது வழக்கம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாக. அம்மா இல்லாத வீட்டில் மாமாதான் செய்ய வேண்டும். அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“நாளைக்கு குமராட்சி போறேன். கூட வா மச்சான். பொட்டி தூக்க ஆள் வேணும்.”

“என்னென்ன சோறு மாமா கட்டுறீங்க?”

“சோறு இல்ல. சாலட். அதுலதான் சோத்து வாசம் கெடையாது.”

“தாய்லாந்துல இதுல பப்பாளிக்கா போடுவாங்கன்னு சொன்னீங்களே…” என்று ஆரம்பித்தேன். மாசமான பெண்ணுக்குப் பப்பாளியா என்று உள்ளேயிருந்து என் மனைவி போட்ட சத்தத்தில் இருவரும் தெருவுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் என் மடியில் ஐஸ் பெட்டி. அதற்குள் கோழியும் கடலையும் பயறும் தனித்தனி டப்பாக்களில். பெட்டிக்கு மேல் ஒரு சின்ன ஃப்ளாஸ்க். பெட்டி கசிந்து என் வேட்டி நனைந்தது. ஏற்கெனவே எனக்கு ஜலதோஷம். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி தும்மிக்கொண்டிருந்தேன்.

“சளியா?” என்றார் மாமா.

“ஆமாம் மாமா.”

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அந்த ஒரு சொல்லில் அவருடைய பாசம் முழுவதும் எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இப்படித்தான், இல்லாததெல்லாம் புரியும்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், “ஐஸு கரைஞ்சிருச்சி. வாங்கியாறேன், பொட்டிய பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியைப் பார்த்தேன். ஃப்ளாஸ்க்கையும் பார்த்தேன். சளியா என்று கேட்டாரே, மனுஷன் நமக்காகக் காலையில் எழுந்து மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார், கூச்சத்தில் சொல்லவில்லை என்று முடிவு கட்டினேன். மூக்கு என்னைத் தடுத்திருக்கலாம். ஆனால் அது குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவனின் மூக்கு. பார்க்காத வாசனையெல்லாம் பார்த்து எப்போதோ வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டது.

முதல் வாய் புளித்தது. ரசம்தான். அடுத்த வாய் காரமாக இருந்தது. மிளகு தூக்கல். அப்புறம் இனித்தது. வெளிநாட்டு ரசம் இப்படித்தான் இருக்கும் போல. உப்பு மட்டும் கண்ணில் நீர் வரவழைத்தது. அதையும் நான் பாசத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மூடினேன். தொண்டை நிஜமாகவே திறந்துகொண்டது. மாமா ஐஸோடு வந்தார். மினிபஸ் ஏறினோம். மலர் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் நன்றி சொல்லலாம் என்று பேசாமல் இருந்தேன்.

சம்மந்தியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல உயரம், நல்ல குரல். கூடத்தில் ஒரு பக்கம் நெல் மூட்டைகள். அறைக் கட்டிலில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி மலர். கண் மட்டும்தான் பாக்கி இருந்தது. மாமா அவளைப் பார்த்துவிட்டு உடனே பெட்டியைத் திறக்கக் குனிந்துகொண்டார்.

சம்மந்தியம்மா டப்பாக்களை எட்டிப் பார்த்தார்.

“என்னா சம்மந்தி இது? சுண்டலா?”

“சாலட்.”

“கோழி கெடக்குது?”

“கோழி சாலட்.”

“சோறு எங்க?”

“சோறு இல்லீங்க.”

கொல்லையில் கோழி கொக்கரித்தது கேட்டது. “கட்டுச்சோறுன்னு சொல்லிட்டு சுண்டல கட்டிக்கிட்டு வந்துருக்கீங்க. சரி, அத்த உடுங்க. அந்தப் புள்ள ஒரு வாய் தின்னா எனக்குப் போதும். அவ எதத் தின்னாலும் கொல்லைக்குத்தான் ஓடுறா. நானும் என்னென்னமோ செஞ்சி பாத்துட்டேன்.” குரல் சட்டென்று இறங்கியது.

மாமா பெரிய கிண்ணத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் புரட்டினார். ஃப்ளாஸ்க்கை எடுத்தார். திறந்தார். கவிழ்த்தார். ஒரு சொட்டு வந்தது. அதுவும் தயங்கித் தயங்கி வந்து விழுந்தது.

ஃப்ளாஸ்க்குக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நல்லா இருந்துச்சி மாமா,” என்றேன். “சளிக்கு எதமா.”

கப்பலின் அடியில் ஓட்டை போட்டவனைப் பார்க்கிற பார்வை அது. “அது சாறு,” என்றார்.

“ரசம் இல்லையா?”

சம்மந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “முழுசாவா குடிச்சாரு?”

“அடிமண்டி வரைக்கும்” என்றார் மாமா.

அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். மலர் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கத் தெம்பில்லாமல் விக்கி விக்கிச் சிரித்தாள். “மாமா… அத்தப் போயி… ஊதிக் குடிச்சீங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

ஊதியதை நான் சொல்லவேயில்லை. அவளுக்கு என்னை அவ்வளவு நன்றாகத் தெரியும்.

மாமா சிரிக்கவில்லை. சாறு இல்லாமல் வெறும் கோழியும் கடலையும் வறண்டு கிடந்தன. புயலில்கூட அசராதவர் என்று அவரே சொல்லிக்கொள்கிற மனிதர், கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “புளிப்பாவது இருந்தா…” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

“புளிப்புதான? கொல்லையில மாங்கா தொங்குது” என்றார் சம்மந்தியம்மா.

“இஞ்சி, பச்ச மொளகா, வெல்லம் வேணும்.”

“இல்லாத ஊடா இது?”

“உப்பு. சும்மா உப்பு இல்ல. கறுப்பா, பழசா, கொஞ்சம் கசப்பா…” சோயா சாஸை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விரலைச் சுழற்றினார்.

சம்மந்தியம்மா ஒரு கணம் யோசித்தார். பரணிலிருந்து ஒரு ஜாடியை இறக்கினார். உப்பில் ஊறி ஊறிக் கறுத்துப்போன நாரத்தங்காய். அதன் அடியில் நின்ற தண்ணீரை ஒரு கரண்டியில் மொண்டு நீட்டினார். மாமா நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். கண்ணை மூடினார்.

“சம்மந்தியம்மா, இத வச்சிக்கிட்டா இத்தினி நாளு சும்மா இருந்தீங்க?”

“தள்ளுங்க, நான் அரைக்கிறன்.”

எந்தத் துறைமுகத்திலும் தன் அடுப்பங்கரைக்குள் இன்னொரு ஆளை விட்டதில்லை என்பவர் தள்ளி உட்கார்ந்தார். மாங்காயும் இஞ்சியும் வெல்லமும் அரைபட்டன, நாரத்தங்காய்த் தண்ணீர் சேர்ந்தது, மேலே நல்லெண்ணெய் விழுந்தது. சம்மந்தியம்மா கையாலேயே பிசறி ஒரு கிண்ணத்தை மலரிடம் கொண்டுபோனார்.

அவள் ஒரு வாய் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்தோம். கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். மென்றாள். விழுங்கினாள். கட்டிலில் கையை ஊன்றினாள். எழுந்திருக்கத்தான் போகிறாள் என்று சம்மந்தியம்மா ஓரடி நகர்ந்து வழிவிட்டார். மலர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“காரம் பத்தல” என்றாள்.

மாமா மிளகாய் எடுக்கிற சாக்கில் கொல்லைப் பக்கம் போய்விட்டார். வர நேரமாயிற்று. அவர் வந்தபோது மலர் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தாள். சம்மந்தியம்மாவும் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “உங்க சுண்டல் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் திருத்தவில்லை.

திரும்புகிற வழி முழுக்கக் காலிப் பெட்டியை அவரே மடியில் வைத்துக்கொண்டார். முதுநகரில் இறங்கும்போது, “மாமா, நான் அத குடிச்சதாலதான எல்லாம் கூடிவந்துச்சி?” என்று கேட்டுப் பார்த்தேன். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். அதன் பிறகு வாரா வாரம் குமராட்சியிலிருந்து போன் வரும். சம்மந்திகள் இருவரும் பயறு எவ்வளவு நேரம் முக்குவது என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். மலர் சாப்பிட்டாள், தேறினாள். கார்த்திகை வாக்கில் பெண் குழந்தை. எடை நன்றாக இருப்பதாக டாக்டரம்மாவே சொன்னாராம்.

பிள்ளையைப் பார்க்கப் புறப்பட்டபோது மாமா என்னைக் கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கூப்பிட்டார். மறுபடியும் அதே பஸ், அதே பெட்டி, என் மடி. மழைக்காலம், எனக்கு வழக்கமான ஜலதோஷம். தும்மினேன். மாமா பையிலிருந்து அந்தச் சின்ன ஃப்ளாஸ்க்கை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மூடியைத் திறந்தார். ஆவி வந்தது.

“இது என்னா மாமா?” என்றேன்.

“ரசந்தான். குடி.”