டெஸ்டிங் அண்ணாச்சி ஒட்டிய லேபிள்

டெஸ்டிங் அண்ணாச்சி பாஸ் போடாமல் எங்கள் தெருவில் ஒருத்தியும் தாலிக்குக் கழுத்தை நீட்டியதில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். பெண் பார்க்க வந்தவரைச் சிவகாசி பேருந்து நிலையத்திலேயே மடக்கி, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், உச்சி வெயிலில் முக்கால் மணி நேரம் அவரை நிற்கவைத்து, எதிர்க் கடை மறைவிலிருந்து கவனித்தார். மாப்பிள்ளை சீறவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு சர்பத் வாங்கிக் குடித்துவிட்டு அதே இடத்தில் வந்து நின்றார். "திரி நீளமான பையன். சட்டுனு வெடிக்க மாட்டான்" என்று எங்கள் அப்பாவிடம் அண்ணாச்சி சொன்னார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்.

ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் அவருக்கு டெஸ்டிங்தான் வேலை. லாட்டுக்கு ஐந்து சாம்பிள் எடுத்துக்கொண்டு பின்பக்கப் பொட்டலுக்குப் போவார். ஒவ்வொன்றாகக் கொளுத்துவார். பதினைந்து அடி தள்ளி நின்று நோட்டில் நான்கு கட்டம் நிரப்புவார். பற்றவைத்ததிலிருந்து வெடிப்பதற்கு எவ்வளவு நேரம் என்பது திரி. சத்தமும் உயரமும் சொல்லாமலே புரியும். எல்லாம் முடிந்தபிறகு தரையில் என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்பது கரி. முப்பது வருஷச் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. சொந்தப் பெயரும் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகையிலேயே "உயர்திரு டெஸ்டிங் அவர்கள்" என்று எழுதித்தான் கொடுப்பார்கள்.

வேலையிலிருந்து நின்ற பிறகும் நோட்டு நிற்கவில்லை. புதுக் குடை வாங்கினால் தெருக் குழாயடியில் விரித்துப் பிடித்துப் பத்து நிமிஷம் நிற்பார். பின்னால் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்பது அவருக்குக் கேட்காது. அது அவர் செய்த புண்ணியம். நான் திட்டியதும் அதில் சேர்த்தி.

எனக்கு அப்போது ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் வடிவமைக்கும் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய பத்து வருஷங்களின் கடைசிப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மகள் அபி ஐந்தாவது படித்தாள். பள்ளி நாலு மணிக்கு விட்டுவிடும். எனக்கு ஆறரை ஆகும், சீசன் என்றால் ஏழு. இடைப்பட்ட நேரத்துக்கு பிரஸ்ஸுக்கு எதிரிலேயே நாலு கம்ப்யூட்டரோடு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. தெரிந்த மனிதர் நடத்தினார், ஃபேன் உண்டு, பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று விட்டிருந்தேன். அங்கே அவள் பார்த்ததெல்லாம் கேம் வீடியோ. எங்கோ வெளிநாட்டில் ஒருவன் கம்ப்யூட்டரில் விளையாடுவான், விளையாடிக்கொண்டே வளவளவென்று பேசுவான், அதைப் படம்பிடித்து இணையத்தில் போடுவான். விளையாடுவதற்கே முதுகில் அடி வாங்கி வளர்ந்தவள் நான். அடுத்தவன் விளையாடுவதை உட்கார்ந்து பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பிள்ளை சத்தம் போடாமல் இருக்கிறாளே என்று இருந்துவிட்டேன்.

பங்குனிப் பொங்கலுக்கு மல்லாங்கிணற்றிலிருந்து என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். போன வாரம்தான் மதுரைக்குப் போய் நெஞ்சுக்குப் படம் எடுத்துவிட்டு வந்த மனிதர். இலையில் உட்கார்ந்து முதல் வாய் வைத்தார். தோசைக்கரண்டியைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள் அபி.

"பெரியப்பா, நீங்க செத்துட்டீக. பரவாயில்ல, இன்னும் ரெண்டு உசுரு இருக்கு."

பெரியம்மா எழுந்து நின்று மூன்று தடவை துப்பினார். பெரியப்பா மிச்ச இரண்டு உயிரையும் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பிடாமலே கை கழுவினார்.

திருவிழாவுக்கு வந்திருந்த வீட்டுக்காரர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முழுப்பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கி அபியை மல்லாங்கிணற்றில் அண்ணன் வீட்டில் விடுவது, அங்கேயே ஆறாவது சேர்ப்பது. அங்கே காடு உண்டு, மாடு உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது. நான் அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் அவருக்குத் தட்டில் சோறு வைத்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை விட்டுவிடு என்றார். விட்டால் வீடு நடக்காது என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் ஒரே ஒரு விஷயத்துக்கு இறங்கி வந்தார். அந்த வீடியோக்கள் பிள்ளைக்கு ஆகுமா ஆகாதா என்று டெஸ்டிங் அண்ணாச்சி பார்த்துச் சொல்லட்டும், அவர் பாஸ் போட்டால் அபி இங்கேயே இருக்கட்டும் என்றார். தன்னையே பாஸ் போட்டவர் என்ற மரியாதை அவருக்கு. என் பிள்ளை என்னோடு இருப்பதா இல்லையா என்பது, குழாயடியில் குடை பிடிக்கும் மனிதர் கைக்குப் போய்விட்டது.

அண்ணாச்சி மறுநாளே நோட்டோடு சென்டருக்கு வந்தார். பிரஸ்ஸில் சொல்லிவிட்டு நானும் போய் நின்றேன். கம்ப்யூட்டரைப் பதினைந்து அடி தள்ளி நின்றுதான் பார்ப்பேன் என்றார். சென்டரின் மொத்த நீளமே பத்து அடி. தெருவில் நின்று எட்டிப் பார்த்தார். சைக்கிள்காரர்கள் மணியடித்து ஓய்ந்தபிறகுதான் உள்ளே வந்தார். முதலில் வந்தது துப்பாக்கி கேம். பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிட்டார். காரணம் ரத்தமோ சாவோ இல்லை. "திரியே இல்லாம வெடிக்குது. ஓடுறதுக்கு நேரம் குடுக்க வேணாமா?" என்று கேட்டார். அடுத்த வீடியோ பாதியில் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் காலத்து இணையம் அப்படித்தான். அண்ணாச்சி அந்த வட்டத்தை நாலு நிமிஷம் அசையாமல் பார்த்தார். தரைச்சக்கரம் என்றே நினைத்துவிட்டார். புகையில்லை, பொறி தெறிக்கவில்லை, ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது, இதுதான் குழந்தைகளுக்கு உகந்த சரக்கு என்று முதல் பாஸ் அதற்குப் போட்டார்.

மூன்றாவதாக வந்தது அபிக்குப் பிடித்தது. ஒரு தீவில் ஒருவன் மரம் வெட்டி, கல் சுமந்து, வீடு கட்டிக்கொண்டே இருப்பான். திரி, உயரம் இரண்டையும் எழுதிவிட்டு அண்ணாச்சி 'சத்தம்' கட்டத்தில் மாட்டிக்கொண்டார். காது கேட்காதே. ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, அவன் பேசுவது சுத்தமான பேச்சா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். எனக்கு அவன் பேசும் இங்கிலீஷ் புரியவில்லை. அபிதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இப்போது கதவு வைக்கிறான், இப்போது ஓநாய் வருகிறது, இந்த வார்த்தை மட்டும் கெட்ட வார்த்தை, டீச்சர் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். கெட்ட வார்த்தை பேசுகிறவனை விட்டுவிட்டு, அதே விளையாட்டை வாயை மூடிக்கொண்டு விளையாடும் இன்னொருவனைத் தேடிப் பிடித்தோம். என் மகள் என்ன பார்க்கிறாள் என்பதை அன்றைக்குத்தான் முதல்முதலாக நான் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அத்தோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவகாசிக்காரர் இல்லையா, பாஸ் ஆன சரக்குக்கு லேபிள் ஒட்டாமல் இருக்க முடியவில்லை அவருக்கு. கழிவுத் தாளில் எனக்குத் தெரிந்தமாதிரி அடித்துக் கொடுத்தேன். சிரிக்கும் குழந்தை படம், கீழே "சிறுவர்களுக்கு ஏற்றது". ஓடும் வீடியோவில் எப்படி ஒட்டுவது? அந்த வீடியோ ஓடிய மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒட்டிவிட்டார். ஒரே ரூமில் உருட்டிய பட்டாசெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அவர் கம்பெனியில் படித்த பாடம். எங்கள் தெருப் பெண்களும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள், அவர்களுக்கும் அதே பாடம்தான். அண்ணாச்சி லேபிளே ஒட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், அதுவரை பிள்ளைகளைச் சென்டர் பக்கமே விடாதவர்கள்கூட மூன்றாம் நம்பரில் மட்டும் உட்கார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரே நாற்காலியில் ஒன்பது பிள்ளைகள். மற்ற மூன்று கம்ப்யூட்டரும் ஈ ஓட்டின. சென்டர்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார்.

மூன்றாம் நாள் அந்த ஒன்பதில் ஒன்று எதையோ அமுக்க, மூன்றாம் நம்பரில் பேய் வந்தது. மரம் அறுக்கும் ரம்பத்தோடு வந்தது. ஒன்பது வீட்டிலும் பிள்ளைகள் கக்கூஸுக்குத் தனியாகப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தன. மறுநாள் காலை எம். புதுப்பட்டி போகிற கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்க, ஒருத்தியும் ஏறவில்லை. எல்லாரும் தூக்குச்சட்டியோடு அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றார்கள்.

"லேபிள நம்பித்தான அனுப்பினோம். நீங்க என்னத்த டெஸ்ட் பண்ணீக?" என்று ஒரு அக்கா கேட்டார். இந்தத் தடவை அண்ணாச்சிக்கு நன்றாகவே கேட்டது.

"தப்புதான் தாயி. பெட்டிய ஒட்டிட்டா உள்ள இருக்கற சரக்கு மாறாதுன்னு நெனச்சுட்டேன். இது நிமிசத்துக்கு ஒரு சரக்கு மாறுது. இதுக்கு லேபிள் ஒட்ட முடியாது, ஆளு கூட இருக்கணும்."

அவரே போய் லேபிளைச் சுரண்டி எடுத்தார். அதன்பின் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.  ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து வீட்டுக்காரர் வருகிறார், திங்கட்கிழமை டி.சி.க்கு எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. பாஸ் போட வேண்டியவரோ தன் மேலேயே நம்பிக்கை போய்ப் படுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்டருக்கு வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அபியின் முகத்தைப் பார்த்தமாதிரி உட்கார்ந்தார். அரை மணி நேரம் பிள்ளையையே பார்த்துக்கொண்டு என்னவோ எழுதினார். பிறகு அவள் என்னோடு வீட்டுக்குப் போகும்போதும் நோட்டைப் பிடித்துக்கொண்டு பதினைந்து அடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். கரி பார்க்கிறாராம். புதிதாகக் குடிவந்த ஒருவர் பிள்ளை பிடிக்கிறவன் என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். அதை விலக்கிவிடுவது என் வேலையாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்து நோட்டைப் பிரித்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் பெரியப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். பாயின் மேல் டி.சி.க்கு எழுதிய விண்ணப்பம். திரி: கூப்பிட்டவுடன் எழுந்து வருகிறாள், பாஸ். சத்தம்: தாய் கேட்டுச் சொல்லியிருக்கிறாள், பாஸ். உயரம்: ராத்திரி அலறித் துள்ளி எழாமல் தூங்குகிறாள், பாஸ். கரி: பெரியவர் உயிரை எண்ணியது தப்பு, சொன்னால் திருந்துவாள். பெரியப்பா லேசாக நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அப்படியென்றால் அபி இங்கேயே இருக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அண்ணாச்சி நோட்டைத் திருப்பி, கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்த ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, அரை மணி நேரத்துல முப்பத்தி ரெண்டு தடவ தலையத் தூக்குச்சு உங்க பிள்ள. வீடு கட்டுற வீடியோ, நல்லாத்தான் ஓடுது. அப்புறம் எங்க பார்க்குதுன்னு நானும் திரும்பிப் பார்த்தேன். எதுத்தாப்புல இதோட ஆத்தா வேல பாக்குற பிரஸ் வாசல்." நோட்டை மூடினார். "மல்லாங்கிணத்துல இது எந்த வாசலப் பாக்கும்?"

வீட்டுக்காரர் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை பொங்கி வந்தது. இத்தனை நாளும் எதிர் வாசலில் உட்கார்ந்து, சிரிக்கும் குழந்தை படத்தை லேபிள் லேபிளாகப் போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு தடவையாவது தலையைத் தூக்கி எதிரே பார்த்தேனா?

மறுநாளிலிருந்து டீ இடைவேளைக்கு நான் டீ குடிக்கவில்லை. எதிரே போய் அபி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தீவில் வீடு எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பேன். அபி அந்த வருஷமும் அடுத்த வருஷங்களும் என்னோடுதான் இருந்தாள். அதற்காக அண்ணாச்சியிடம் நான் ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அது நிஜமா என்று அதையும் டெஸ்ட் பண்ணியிருப்பார். பண்ணட்டுமே, சொல்லியிருக்கலாம்.