பிரபஞ்சப் புயலின் பெருமன்னிப்பு

தமிழ்க் கலையின் வரலாற்றில் இரண்டே யுகங்கள்தான். நடிகர் அத்விக் தோளில் கிடந்த துண்டை உருவி, தலைக்கு மேல் சுழற்றி, முதுகுக்குப் பின்னால் பிடித்து, இடது புருவத்தை மட்டும் உயர்த்துவதற்கு முந்தைய இருண்ட யுகம் ஒன்று. அதற்குப் பிந்தைய பொற்காலம் மற்றொன்று. காரைக்குடியில் இதில் கருத்து வேறுபாடு கிடையாது. இருந்திருந்தால் பாண்டீஸ்வரன் சும்மா விட்டிருக்க மாட்டார்.

அவர் 'பிரபஞ்சப் புயல்' அத்விக் நற்பணி மன்றத்தின் மாவட்டத் தலைவர். மன்றப் பணிகளுக்கு நடுவே ஓய்வு கிடைத்தால் செக்காலை ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடையும் நடத்துவார். அத்விக் படப்பிடிப்புக்காக அமராவதிபுதூருக்கு வருகிறார், வரவேற்புரை பாண்டீஸ்வரனுடையது என்று முடிவானதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டிவி முன்னால் இருந்த அவர் மனைவி நாகஜோதி கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்குட்டு வாங்க. உங்க புயலோட துண்டை வேற யாரோ சுத்துறாக."

கறுப்பு வெள்ளைப் படம். கோமளராஜன் என்று ஒரு நடிகர். துண்டை உருவினார், சுழற்றினார், முதுகுக்குப் பின்னால் பிடித்தார். இடது புருவம் உயர்ந்தது. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே மூச்சில் செய்துவிட்டுச் சிரித்தார்.

பாண்டீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் ஷாக் அடித்தது. நாகஜோதி அந்தக் காட்சியைச் செல்லில் தேடி எடுத்துத் தர, திரும்பத் திரும்பப் பார்த்தார். கண் கலங்கியது.

"என்னமா பண்றாரு, ஜோதி!" என்றார், தலைவர் என்பதை மறந்து.

மறுநாள் அவசரச் செயற்குழு கூடியது. காட்சி திரையிடப்பட்டது.

"துணிச்சலப் பாத்தீகளா?" என்றார் செயலாளர் முத்தரசு. "அண்ணன் பொறக்குறதுக்கு முந்தியே காப்பியடிச்சிருக்கான்!"

"பொறந்த பின்னாடி அடிச்சா மாட்டிக்கிருவோம்னு முந்திக்கிட்டான்" என்றார் பொருளாளர் தங்கச்சாமி. "ஆளு எங்க இருக்கான்?"

"அவரு செத்து ரொம்ப வருசம் ஆச்சுப்பா" என்றார் பாண்டீஸ்வரன்.

"அப்ப, தலைமறைவு."

'முன்கூட்டிய திருட்டு' வன்மையாகக் கண்டிக்கப்பட்டது. பாண்டீஸ்வரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அடுத்த தலைவர் பதவிக்கு முத்தரசு துண்டு போட்டு வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. இருமினார். இருமல், ஆதரவு என்று கொள்ளப்பட்டது.

விழா நாளில் அமராவதிபுதூரே திரண்டிருந்தது. வரவேற்புரையில் பாண்டீஸ்வரன் கண்டனத்தையும் வாசித்தார். கோமளராஜன் என்ற பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் கம்மியது. உணர்ச்சிப் பெருக்கு என்று கூட்டம் விசிலடித்தது.

அப்போது நாகஜோதி விறுவிறுவென்று மேடையேறி, அத்விக்கிடம் செல்லை நீட்டினாள்.

"சார், நீங்களே பாருங்க. யாரு யாரப் பாத்துச் செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அத்விக் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"அருமையா பண்றானே! யாரு இந்தப் பையன்? என் படத்துல வாய்ப்பு கேட்டு அனுப்பியிருக்கானா?"

உதவியாளர் காதில் கிசுகிசுத்தார். அத்விக்கின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற டான்ஸ் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். அந்த ஒரு நொடி, பாவம், அத்விக் சாதாரண மனிதனைப் போலவே தெரிந்தார். நல்லவேளை, உடனே சுதாரித்து மைக்கைப் பிடித்தார்.

"மறைந்த பெரியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டதை... நான் மன்னித்துவிட்டேன்!"

பெண்கள் அழுதார்கள். ஆண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இருவரும் வண்டியில் திரும்பினார்கள். ஊருக்குள் நுழையும்போது நாகஜோதி கேட்டாள்: "அன்னைக்கு அந்த மனுசனப் பாத்துக் கண்ணு கலங்கினீகளே. இன்னைக்கு எதுக்குக் கைதட்டுனீக?"

பாண்டீஸ்வரன் வேகத்தைக் குறைத்தார். யோசித்தார்.

"எல்லாரும் தட்டுனாக, ஜோதி."

கலையை அறிந்த ஒருவர், இவ்வளவு எளிமையான காரணத்துக்காக, ஒரு கலைஞனைத் திருடனாக்கிக் கொடுத்தார். ரசிகர் என்றால் அவரல்லவா ரசிகர்!