கட்டம் அண்ணனின் புள்ளிக்கோடு

மதுரையில் பாதிப்பேருக்குத் தங்கள் கொள்ளுத்தாத்தா யாரென்று தெரியாது. அது கட்டம் அண்ணனுக்குத் தெரியும்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், கண் நரம்பைச் சத்தமில்லாமல் தின்னும் கிளாக்கோமா ஏன் சில குடும்பங்களையே சுற்றுகிறது என்று ஆராய்கிறார்கள். அண்ணனுக்கு வீடு வீடாகப் போய் வம்சாவளி வரைந்து ரத்தம் வாங்கிவரும் வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு மை, தத்துப்பிள்ளைக்குப் புள்ளிக்கோடு. திருவாதவூர்க்காரர்கள் இந்தக் கட்டங்களைப் பார்த்து ஜோசியர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் மகளின் ஜாதகத்தோடு வந்து நின்றார். அண்ணன் மறுக்கவில்லை. பொண்ணுக்குக் குறையில்லை, அப்பனுக்குத்தான் கண்ணில் கோளாறு தெரிகிறது என்றாராம். மறுநாள் பதினோரு பேர் கண் அழுத்தம் பார்க்க ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நொதிகளைப் பற்றி எங்கள் டாக்டர் ஒரு மணி நேரம் பேசுவார். அண்ணனுக்கு அரை நிமிஷம் போதும்.

"கண்ணுக்குள்ள தெனமும் குப்பை சேரும். கூட்டிப் பெருக்க உள்ளுக்குள்ளயே ஆள் உண்டு. சில பேருக்குப் பொறக்கும்போதே அந்த ஆள் இல்ல. அதுனால மட்டும் கண்ணு போயிராது, ஆனா சூதானமா இருக்கணும்ல? அதுக்குத்தான் ரத்தம்."

சிம்மக்கல்லில் நடந்தால், இடதுபக்கம் இருக்கும் எல்லாவற்றின் மேலும் இடிப்பார். நிறுத்தியிருந்த ஸ்கூட்டரிடம் மன்னிப்புக் கேட்பார். ஒருமுறை ஜவுளிக்கடைப் பொம்மையிடமும் கேட்டு, அது பதில் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கிளாக்கோமாவைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஆறு பேர். ஒருவருக்கும் உறைக்கவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பார்வையின் அகலத்தை அளக்கும் புதுக் கருவி வந்தது. சோதித்துப் பார்க்க அண்ணனை உட்கார வைத்தோம். இடது கண் படத்தில் முக்கால்வாசி கறுப்பு. வலது கண்ணிலும் ஓரத்தில் தொடங்கியிருந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து காப்பாற்றும் என்றார் டாக்டர். பிறகு படிவத்தை எடுத்து, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

அண்ணன் எழுந்து நடந்தார். வெளியே வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார், மிஷன் விடுதியில் வளர்ந்தவராம். கொண்டுவந்து விட்டது யாரென்று எழுத்தில் எதுவுமில்லை.

"ஊருக்கெல்லாம் வரைஞ்சேன் மாப்ள. எனக்கு வரைஞ்சா ஒத்தச் சதுரம்தான். கோடு இழுக்க ஆளில்ல."

தனி ஆள், மறதி வேறு. இரண்டே வாரத்தில் நாலு நாள் மருந்தை மறந்தார். வலது கண்ணும் போய்விடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. திருநகரில் எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் கிடந்தது. வந்துவிடுங்கள் என்றேன்.

"எந்த முறையில மாப்ள நான் அங்க வந்து இருக்கிறது?" என்றார்.

அவரே வரைந்த எங்கள் குடும்பப் படத்தை எடுத்தேன். என் சதுரத்துக்கு வலப்பக்கம் இன்னொரு சதுரம் போட்டு, கறுப்பு மை தீட்டி, என் அப்பா அம்மாவோடு புள்ளிக்கோட்டால் சேர்த்து நீட்டினேன். தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"தப்பு. மூத்தவன் இடதுபக்கம் வரணும், தம்பி."

அதுவரை அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

இப்போது வேளை தவறாமல் நான்தான் சொட்டு விடுகிறேன். படத்தில் அவர் எனக்கு இடதுபக்கம். சிம்மக்கல்லில் நான் அவருக்கு இடதுபக்கமாக நடக்கிறேன். எனக்கு அண்ணன் கிடைத்ததே தாமதம். அவரை எதன் மேலும் இடிக்கவிட மனசு வரவில்லை.