மூன்றரை வகை

கண்ணாலேயே ஊனத்தை அளந்துவிடும் மனிதர் என்றொரு வகையினர் உண்டு. நீங்கள் அவசியம் சந்தித்திருப்பீர்கள். அரியலூர்ப் பக்கத்தில் அவர்களுக்குத் தலைமகன் குழந்தைவேல், கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மாற்றுத்திறனாளிகளுக்குரிய சலுகைகளை ஆலோசகர் வளர்மதி எடுத்துச் சொல்லி விண்ணப்பம் வாங்கும் முகாம் எங்கு நடந்தாலும், எவரும் அழைக்காமலேயே கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, வருவோரை உச்சி முதல் உள்ளங்கால்வரை நோக்கி வரிசை பிரிப்பது அவர் தொண்டு.

சட்டம் இருபத்தொரு வகை என்கிறது. அவர் கணக்கில் மூன்றரை. கண், கை, கால்; காது பாதி. காது கேளாதவர் வந்தால் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார். அறிவுத்திறன் குறைந்தவர் என்றால் பதினேழாம் வாய்ப்பாடு கேட்பார். விடை சரியா என்பது அவருக்கும் தெரியாது.

சென்ற மாதம் கீழப்பழுவூரிலிருந்து ரஞ்சித்குமார் வந்தார்.

“ஒனக்கு என்ன தம்பி? ஆளு தேக்கு மரமாட்டம் இருக்க.”

“ரத்தம் உறையாதுங்க. லேசா அடிபட்டாலும் மூட்டுக்குள்ள ரத்தம் கட்டிக்கும்.”

“அது வியாதி. தள்ளி நில்லு.”

“அதுவும் பட்டியல்ல இருக்குங்க. ஒரு மணிக்கு முகாம் முடிஞ்சிடுமாம். அடுத்தது மூணு மாசம் கழிச்சுத்தான்னாங்க.”

“பாக்கலாம், பாக்கலாம். சும்மா நிக்கிற நேரத்துக்கு அந்தப் பெஞ்ச ஒரு கை பிடி.”

மறுத்தால் உள்ளே விடமாட்டாரோ என்ற அச்சத்தில் ரஞ்சித்குமார் பிடித்தார். மறுமுனையைப் பிடித்திருந்த குழந்தைவேலுக்கு அந்நேரம் பார்த்து யாரோ வணக்கம் சொன்னார்கள். மரியாதை தெரிந்தவர் அல்லவா? இரு கைகளையும் கூப்பினார். பெஞ்சு ரஞ்சித்குமாரின் முழங்காலில் இறங்கியது.

அரை மணி நேரத்தில் முழங்கால் தேங்காய்போல் வீங்கியது; காலை ஊன்ற முடியவில்லை. குழந்தைவேல் வருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் முகம் மலர்ந்தது. வரிசையை விலக்கி, ரஞ்சித்குமாரைத் தோளில் தாங்கி, நேரே வளர்மதியின் மேசைக்கு அழைத்துச் சென்றார்.

“காலு, மேடம். இவர மொதல்ல பாருங்க.” பிறகு ரஞ்சித்குமாரிடம் அன்பாகக் கடிந்துகொண்டார்: “இத வந்தப்பவே காட்டியிருக்கலாம்ல தம்பி?”

வளர்மதி காலைப் பார்த்தார், ஆம்புலன்சை அழைத்தார். அது கிளம்பியபோது மணி ஒன்று. ரஞ்சித்குமாரின் விண்ணப்பம் பிரிக்கப்படாமலே மேசைமீது கிடந்தது. வாசலில் குழந்தைவேல், தாம் ஒருவரைச் சரியான வரிசையில் சேர்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர், அறிவேன். ஆனால், பெரம்பலூர்ப் பேருந்தில் மாற்றுத்திறனாளி இருக்கையில் திடகாத்திரமான ஒருவர் அமர்ந்திருந்தபோது, கம்பியைப் பிடித்து நின்றபடி அவர் கால்களைச் சரிபார்த்தது யார்?