ஒரு சுழியால் இறங்கிய எஞ்சின்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழில் முப்பத்தோரு ஆண்டுகள் பிழை திருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். என் காரின் எஞ்சின் மட்டும் கொட்டகை உத்தரத்தில் சங்கிலி கட்டித் தொங்குகிறது. அதற்குக் காரணம் தாங்கள். தாங்கள் என்றால் தங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால், எனக்குப் பிறகு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கும் அந்த மடையன்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் மனைவி ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான் ஓட்டினால் வழியிலுள்ள பெயர்ப் பலகைகளை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேனாம். அரை மணி நேரத்தில் போகவேண்டிய தங்கை வீட்டுக்கு அவள் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேருகிறாளாம். ஒரு கடைப்பலகையில் ‘ப்’ விட்டுப்போயிருப்பதைப் பார்த்த பிறகும் தாண்டிப் போகிறவன் மனிதனா என்று கேட்டேன். மறுநாளே அவள் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டாள், அதுவும் எதனால் என்று கேளுங்கள். எங்கள் காருக்கு வயது இருபத்தெட்டு. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் கண்ணாடி, கதவு, இருக்கை, இருக்கையில் இருப்பவர் எல்லாம் கிடுகிடுவென்று ஆடும். தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “ரொம்ப நடுங்கறீங்கம்மா. பயம் போனதும் வாங்க” என்றிருக்கிறார். “நடுங்கறது நான் இல்ல சார், வண்டி” என்று இவள் சொன்னதற்கு, “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று இரண்டு முறையும் அதே பதில். மூன்றாவது தேர்வு இந்த வெள்ளிக்கிழமை. அதிலும் தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “ஏங்க, வெள்ளிக்கிழமை இந்த வண்டி ஆடக்கூடாது. ஆடுச்சுன்னா அப்புறம் நான் ஆடுவேன்.”

நான் சும்மா இருப்பேனா? பிளக்குகளைக் கழற்றிப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன் (பிரஷ் யாருடையது என்பதில் ஒரு சின்ன மனஸ்தாபம்). காற்று வடிகட்டியைத் தட்டியதில் ஒரு மணி நேரம் தும்மினேன். ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் நோய் தெரியும் என்றார்கள், கேட்டேன். ‘கடகட’ என்றது. இரட்டைக்கிளவி என்பது வரை புரிந்தது. அதற்கு மேல் புரியவில்லை. கடைசியில் காரின் முன்பெட்டியைக் குடைந்தபோதுதான், வண்டிக் காகிதங்கள் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் தங்கள் இதழின் ‘வீட்டிலேயே கார் வைத்தியம்’ பகுதியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு கண்ணில் பட்டது. எண்ணெய்க் கை என்பதால் உறையிலிருந்து எடுக்காமலே படித்தேன். அதில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் தருகிறேன்: “கார் நின்ற நிலையில் அதிர்ந்தால், எஞ்சினை அதன் மவுண்டிங்கோடு சேர்த்து நன்றாக இறக்கவும். பதினேழாம் எண் ஸ்பானர் போதும்.”

போட்டிருக்கிறதே! அச்சில் போட்டிருந்தால் நான் நம்பாமல் யார் நம்புவது? என் மைத்துனன் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளன். அவனை வரச்சொல்லி, பாரம் தூக்கும் சங்கிலியையும் கொண்டுவரச் சொன்னேன். “அத்தான், நல்லாப் படிச்சுப் பாத்தீங்களா?” என்றான். “முப்பத்தோரு வருஷம் படிச்சவன்கிட்டயா கேக்கறே?” என்றேன். அவன் சங்கிலியை உத்தரத்தில் கட்டினான். இரண்டு நாள் ஆசிரியரே, இரண்டு நாள்! ரேடியேட்டர் தண்ணீர் துணி அலசும் வாளியில், எஞ்சின் ஆயில் குளிக்கிற வாளியில், நட்டும் போல்ட்டும் வீட்டிலுள்ள டம்ளர்களில். ஒவ்வொரு டம்ளருக்கும் சந்திப்பிழை இல்லாமல் சீட்டு எழுதி ஒட்டினேன். வீட்டில் எல்லாரும் செம்பில் தண்ணீர் குடித்தோம். எஞ்சின் மேலே ஏறியதும் காரின் முன்பக்கம் ஒரு சாண் உயர்ந்து நின்றது, தலைவலி விட்டவர் மாதிரி. மனைவி வந்து பார்த்தாள். தொங்குகிற எஞ்சினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “இப்ப ஆடல. சரிதான். ஆனா ஓடுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஓடவைக்கத் தெரு முனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம். “எதுக்கு சார் இறக்கினீங்க?” என்றார். துண்டைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார். “சார், இது இறக்கவும் இல்ல, இறுக்கவும்! எஞ்சினைத் தாங்கற மவுண்டிங் நட்டு லூசாயிருக்கு, ரெண்டு சுத்து இறுக்கினா போதும். பதினேழாம் நம்பர் ஸ்பானர் ஒண்ண மட்டும் வெச்சுக்கிட்டு எவனாவது எஞ்சினை இறக்குவானா?” துண்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ‘று’ என்ற எழுத்தின் சுழி விழுந்து ‘ற’ என்று நிற்கிறது, ஆசிரியரே! ஒரு சுழி! இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை! இப்போது என்ன செய்வது? மெக்கானிக் வியாழன் சாயங்காலத்துக்குள் ஏற்றிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். “பாப்போம்” என்றுதான் சொன்னார். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தி இன்றோடு ஒரு நாள் ஆகிறது.

நான் அந்த நாற்காலியில் இருந்தவரை ஒரு புள்ளியாவது நழுவியதுண்டா? எனவே, அந்த மடையன் யார் என்பதைப் பெயரோடு அட்டையில் அச்சிடவும். அவன் கண்ணாடியைப் பறிமுதல் செய்யவும். தயவுதாட்சண்யம் பார்க்காமல் அந்த மடையனை உடனே வீட்டுக்கு அனுப்பவும்.

தங்கள் இதழ் பிழையின்றிப் பல்லாண்டு வளர வேண்டும், தாங்களும் குடும்பத்தாரும் எல்லா நலமும் பெற வேண்டும் என்று மனமார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பழைய பிழை திருத்துநர்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை, பிற்பகல்): நேற்று, ஆதாரத்துக்காக அந்தத் துண்டையும் கடிதத்தோடு இணைக்கலாம் என்று பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினேன். மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். “அத ஏங்க எடுத்தீங்க? நான் வெச்சது!” என்று பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே என் புகைப்படம். கீழே, “இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு பிழையும் விடாத எங்கள் பிழை திருத்துநருக்கு வாழ்த்துகள்.” அதே இதழ். அதே தாள். அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தது யார் என்று தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ‘இறக்கவும்’ நல்ல தமிழ்ச் சொல்தானே என்று அன்றும் விட்டிருக்கிறேன், இன்றும் விட்டேன்.

“ரெண்டு தடவை தப்பு விட்டவ நான். தப்பே விடாத மனுஷன் வண்டியில இருந்தா தைரியமா இருக்கும்னு வெச்சேன்” என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவளோ இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பாடா! இனிமே எனக்கு ஒரு பயமும் இல்லைங்க” என்றாள்.

ஆகவே மேலே ‘அந்த மடையன்’ என்று வரும் மூன்று இடங்களிலும் ‘அந்த மூத்த ஊழியர்’ என்று திருத்தி வாசிக்கவும். ‘வீட்டுக்கு அனுப்பவும்’ என்பதைத் திருத்த வேண்டாம். அவர் வீட்டில்தான் இருக்கிறார்.

எஞ்சின் நேற்றிரவே ஏறிவிட்டது, மெக்கானிக் இறுக்கிவிட்டார். இன்று காலை தேர்வில் கார் ஆடவில்லை. “எனக்குத்தான் கால் ஆடிச்சு. அந்தாளு கண்டுக்கவே இல்ல” என்றாள். தேறிவிட்டாள். அதிகாரி கையில் கொடுத்த சீட்டில் அவள் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது. நான் பேனாவை எடுத்தேன். “கை வெச்சீங்க, அப்புறம் தெரியும்” என்றாள். அப்படியே விட்டுவிட்டேன்.