பெருமூச்சு விட்ட காளான்

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. தள்ளிவிடவும் முடிந்ததில்லை. சொன்னவர் இசாவோ. நுமாத்தா என்ற மலையூரில் என் பக்கத்து வீட்டுக்காரர். கதையும் அவருக்கே நடந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர் சொல்லும் கதையில்தான் ஏதோ ஒன்று அவருக்கே தெரியாமல் விட்டுப்போயிருக்கும் என்று எனக்கு ஓர் உறுத்தல். இருக்கட்டும், அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

இசாவோவுக்கு மலைப்பாதை பிடிக்கும். தன் டர்போ காரைப் பிடிக்கும். மனைவி யொஷிமியைக் கண்டால் பயம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எப்படியோ காலத்தை ஓட்டிவந்தார். காரில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனதில், ஒருநாள் யொஷிமி வாய் திறந்தாள். அவளுக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். அன்று அது தரையைத் தொட்டது.

"என்னங்க, இன்னும் ஒரே ஒரு பாகம் மாத்தினீங்கன்னா, இந்தக் கார் உங்ககிட்ட இருக்காது."

அவள் அண்ணன் பழைய கார் வாங்கி விற்பவர். இசாவோவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இனி காரைத் தொடுவதே இல்லை என்று சபதம் செய்தார். சபதம் இலையுதிர்காலம் வரை தாங்கியது.

அதைக் கெடுத்தவர் பட்டறைக்காரர் மொகி.

"இசாவோ சான், உங்க வண்டி ஜலதோஷம் பிடிச்ச மாதிரி மூச்சு விடுது. கம்பெனிக்காரன் மூக்கைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கான். பெட்டியைக் கழட்டிட்டு ஒரு காளானை மாட்டிடலாம்."

காற்று வடிகட்டியைத்தான் அப்படிச் சொன்னார். மூடியில்லாமல், குடை விரித்தாற்போல் இருக்கும். பட்டறைகளில் அதற்குக் காளான் என்றுதான் பெயர்.

"சத்தம் வருமா?"

"ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா 'புஸ்ஸ்'னு ஒரு சத்தம். அதுக்குத்தானே எல்லாரும் மாட்டறாங்க. வீட்ல மட்டும் மூச்சு விடாதீங்க."

வெள்ளிக்கிழமை மாலை இசாவோ தாழ்வாரத்தில் நின்று மொகியிடம் போனில் கேட்டார்: "காளான் வந்தாச்சா?"

பின்னாலிருந்து யொஷிமியின் குரல் வந்தது. "என்ன காளான்?"

இசாவோ போனைக் கையால் பொத்தினார். "மலைக்காளான். மொகி சானுக்கு ஓர் இடம் தெரியுமாம். நாளைக்குப் பறிக்கப் போறோம்."

"நல்லதாப் போச்சு. காளான் சோறு ஆக்கறேன்."

மனைவி சொல் கேளான் என்று ஊரில் ஒருவரும் சொல்லாத மனிதர், ஒரு காளானுக்காகக் கெட்டார். மறுநாள் பட்டறையில் ஒரு காளானை மாட்டிக்கொண்டு, வழியோரக் கடையில் இன்னொரு காளானை வாங்கி, விலைச்சீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு வீடு வந்தார்.

யொஷிமி காளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு சருகுகூட ஒட்டலியே."

"சுத்தமான மலை."

"எந்த மலை?"

இதற்கு இசாவோ தயாராக இருந்தார். காளான் முளைக்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. பெற்ற பிள்ளைக்கே சொல்லாமல் கண்ணை மூடியவர்கள் உண்டு. "அதை மட்டும் கேட்காதே. மொகி சானுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நியாயம்தான். சொல்ல வேண்டாம். நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. நான் கண்ணைக் கட்டிக்கறேன்."

ஞாயிறு காலை யொஷிமி முன் இருக்கையில் அமர்ந்து, பூப்போட்ட கைத்துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். கண்ணைக் கட்டினால் மனுஷருக்குக் காது நீளும் என்பது இசாவோவுக்கு முதல் வளைவில்தான் உறைத்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

புஸ்ஸ்.

இசாவோவின் உயிர் அதோடு பாதி போய்விட்டது. மீதிப் பாதியைக் கொண்டு அவசரமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்னங்க, அது?"

"பெருமூச்சு."

"எதுக்கு?"

"மலைக்காத்து நல்லாருக்கு."

அகாகி மலையில் வளைவுகளுக்குப் பஞ்சமா? வளைவுக்கு ஒரு புஸ்ஸ். புஸ்ஸுக்கு ஒரு பெருமூச்சு. மூச்சே விடக்கூடாத விஷயத்துக்காக அந்த மனிதர் அன்று மூச்சு விட்டுக்கொண்டே போனார். காலை மெதுவாக எடுத்துப் பார்த்தார். புஸ்ஸ் நீளமாக வந்தது, பெருமூச்சும் நீண்டது.

"என்னோட வர்றது அவ்வளவு பாரமா இருக்கா?" யொஷிமியின் குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

"ஐயோ, இல்ல."

"எங்க அண்ணியை ஏத்திட்டுப் போனப்போ இப்படி மூச்சு விடலியே."

"அண்ணி ஒல்லி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. அடுத்த வளைவில் வந்த பெருமூச்சு உண்மையானது.

உச்சியில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு காட்டோரம் காரை நிறுத்தினார். மரங்களுக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"யாரோ முந்திட்டாங்க. ஒண்ணுகூட இல்ல."

"அப்போ இது ரகசிய இடமே இல்ல." யொஷிமி துண்டை அவிழ்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "இப்படி வேர்த்துக் கொட்டுதே. சாவியைக் கொடுங்க. நான் ஓட்டறேன்."

"வேண்டாம், நானே..."

"கொடுங்க." குரல் தரையில் இருந்தது. கொடுத்தார்.

இறங்கும்போதுதான் நரகம். இப்போது கால் அவளுடையது, பெருமூச்சு இவருடையது. அவள் எப்போது காலை எடுப்பாள் என்று குனிந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதம் அசைந்தால் மூச்சு. நேர்ச்சாலையில், காரணமே இல்லாமல், மிதித்தாள், எடுத்தாள். மிதித்தாள், எடுத்தாள். இசாவோ நாய்போல் மூச்சிரைத்தார். கண் இருட்டியது.

"எதுக்குக் காலையே பார்க்கறீங்க?"

"செருப்பு... புதுசா?"

"போன வருஷத்துச் செருப்பு."

புஸ்ஸ். ஹாஆ.

அவள் ஒரு வளைவில்கூடப் பிசகவில்லை என்று இசாவோ என்னிடம் சொல்லியிருக்கிறார். பயத்தில் அதை வியக்கக்கூட முடியவில்லையாம்.

வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"உங்க நெஞ்சு சரியில்லைங்க. ஏறும்போதும் மூச்சு வாங்குது, இறங்கும்போதும் வாங்குது. இந்த வேக வண்டி உங்களுக்கு ஆகாது. இனிமே இதை நான் வேலைக்கு எடுத்துட்டுப் போறேன். என்னோட சின்ன வண்டியை நீங்க வச்சுக்கங்க."

நெஞ்சு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்ல இசாவோ வாய் திறந்தார். அப்படியானால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எங்கள் தெருமுனையில் புஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்கும். யொஷிமி வேலைக்குப் போகிறாள். அதன் பின்னால், அரிசி டப்பாவுக்குச் சக்கரம் வைத்தாற்போன்ற ஒரு வண்டியில் இசாவோ போவார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் தான் ஜெயித்துவிட்டதாகவே முடிப்பார். கார் விலைபோகவில்லை, வாசலிலேயே நிற்கிறது. காளானைப் பற்றி அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. "பாவம், இன்னமும் என் நெஞ்சைப் பத்தித்தான் கவலைப்படறா."

நான் கார் தெரிந்தவன் அல்ல. நண்பர் இவ்வளவு நிம்மதியாக இருக்கும்போது அதைக் கிளற எனக்கு என்ன உரிமை என்றும் யோசித்தேன். ஆனால் போன மாதம் வேறொரு வேலையாக மொகியின் பட்டறைக்குப் போனபோது, அந்தக் காளானைப் பற்றி அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். வீடு திரும்பியதும் இசாவோவிடம் கேட்டேவிட்டேன்.

"இசாவோ சான், அந்தக் காளானை ஆறு மாசத்துக்கு ஒருமுறை கழட்டி, கழுவி, காயவச்சு, எண்ணெய் பூசி மாட்டலேன்னா வண்டி நின்னே போயிடுமாமே. இத்தனை வருஷமா அதை யார் செய்யறாங்க?"