சிவப்பு டிராகனைக் கரடி உடைத்த கதை

ஜாடி உடைந்த சத்தம் அடங்குவதற்குள் பொன்னுத்துரை வாசலைத்தான் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, ரேஷன் கடைக்குப் போன வீரம்மா இன்னும் திரும்பவில்லை.

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டி அவர்கள். சமையல் வீரம்மா. கூட்டுவதும் துடைப்பதும் பொன்னுத்துரை. கூடத்துக் கணப்பு அடுப்புக்கு மேலே பலகையில் நின்ற சீன ஜாடி முதலாளியம்மாவின் உயிர். வெள்ளைப் பீங்கானில் செம்புச் சாயத்தால் வரைந்து, சூளையில் சுட்ட பழங்காலத்து டிராகன். கோவையிலிருந்து அம்மா வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அதைத்தான் தடவிப் பார்ப்பார். நாளைக்கு வருகிறார்.

முன்பெல்லாம் அந்த டிராகன் ஈரல் நிறத்தில், அங்கங்கே சாம்பல் பூத்து மங்கிக் கிடக்கும். சில மாதமாகத்தான் மிளகாய்ப் பழம் போலச் சிவந்திருந்தது. எல்லாம் தான் துடைத்த துடைப்பு என்று அவருக்குப் பெருமை. இன்று கொஞ்சம் அழுத்தித் துடைத்துவிட்டார்.

வேலை போகும். வேலையோடு வீடும் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வீரம்மாவை எப்படித் தாங்குவது? கோபம் ஏற ஏற அவளுக்கு மரியாதை கூடும். ஒரே மூச்சில் மூன்று 'ங்க' போட்டால் பொன்னுத்துரை கொல்லைப்பக்கம் நழுவிவிடுவார்.

அப்போதுதான் கரடி ஞாபகம் வந்தது. போன வாரம் தோட்டத்துக் கோயிலில் ஒரு கரடி புகுந்து, விளக்கில் இருந்த எண்ணெயை நக்கிவிட்டுப் போயிருந்தது. கரடி மேல் பழி போட்டால் அது வந்து மறுத்துப் பேசவா போகிறது?

கூடத்து ஜன்னலை அகலத் திறந்தார். எண்ணெய் டின்னைத் தூக்கிவந்து, ஜன்னலிலிருந்து கணப்பு வரை தாராளமாக ஊற்றினார். முள்கரண்டியால் ஜன்னல் சட்டத்தில் நகக்கீறல் போட்டார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தபோது அவருக்கே கரடி வந்துபோன மாதிரி பயமாக இருந்தது.

வீரம்மா பையோடு உள்ளே வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எண்ணெயைப் பார்த்தாள். காலியான பலகையைப் பார்த்தாள்.

"கரடி!" என்றார் பொன்னுத்துரை.

"கரடிங்களா? நெசமாவேங்களா? சொல்லுங்க."

மூன்று ஆகிவிட்டது. பொன்னுத்துரை இரண்டு கையையும் அகல விரித்தார்.

"இத்தாம் பெருசு. ஜாடியத் தட்டி உட்டுட்டு ஓடிப்போச்சு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"தொரத்துனேன்."

"கரடியவா?"

"பின்னே?"

"கரப்பான்பூச்சி வந்தாலே என்னையத்தான கூப்புடுவீங்க." அவள் மூலையைக் காட்டினாள். "அதென்னங்க முறத்துல?"

பொன்னுத்துரை திரும்பிப் பார்த்தார். உடைந்த சில்லெல்லாம் ஒன்று விடாமல் கூட்டி, முறத்தில் வாரி, மூலையில் அழகாக வைக்கப்பட்டிருந்தது. எது உடைந்தாலும் காலில் குத்துவதற்குள் கூட்டிவிட வேண்டும் என்பது வீரம்மாவின் சட்டம். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகச் செய்திருக்கிறது.

"நல்ல கரடிங்க," என்றாள் வீரம்மா. "அவங்க ஊட்டுல நல்லா வளத்திருக்காங்க."

அப்போது ஜன்னல் பக்கம் 'புஸ்ஸ்' என்று ஒரு மூச்சு கேட்டது. வெளியே மூடுபனி. பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு தலையும் ஈரமான மூக்கும் உள்ளே நீண்டன. முள்கரண்டிக் கீறலுக்குப் பக்கத்திலேயே நிஜமான நகங்கள் பதிந்தன.

அடுத்த கணம் பொன்னுத்துரை கணப்புக்குப் பக்கத்தில், கம்பளிகள் வைக்கும் மரப்பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. பழைய மூடி காலுக்கடியில் கிறீச்சிட்டது.

"ஐயோ, பொட்டி மேலயா! அசையாதீங்க!" வீரம்மா அலறினாள். "குதிச்சுக் கிதிச்சுப் போடாதீங்க! மூச்சக்கூட மெதுவா உடுங்க!"

உயிர் போகிற நேரத்திலும் பொன்னுத்துரைக்கு நெஞ்சு உருகியது. தன் மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா!

வீரம்மா எண்ணெய் டின்னை எடுத்துக் கரடியின் தலைக்கு மேலாக வெளியே வீசினாள். டின் தேயிலைச் சரிவில் கடகடவென்று உருண்டது. கரடி ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, டின்னுக்குப் பின்னாலேயே போய்விட்டது. அவள் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"வீரம்மா," பெட்டி மேல் நின்றபடியே கூப்பிட்டார் பொன்னுத்துரை. "ஜாடிய நாந்தான் ஒடைச்சேன். நாளைக்கு அம்மா மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"அம்மா ஒன்னும் சொல்ல மாட்டாங்க. ஒடைஞ்சது கடையில வாங்குன நகலு. போன தையில அவங்களேதான் கொண்டாந்து குடுத்தாங்க. 'ஜாடியத் தொடைக்கறது உன் ஊட்டுக்காரரா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அன்னைக்கே மாத்தி வெச்சுட்டோம்."

மிளகாய்ச் சிவப்பின் மர்மம் பொன்னுத்துரைக்கு அப்போதுதான் விளங்கியது. பெருமை போனால் போகட்டும், வேலை பிழைத்தது. நிம்மதியாகக் கால் மாற்றி நின்றார். பெட்டி மறுபடி கிறீச்சிட்டது.

"அப்ப நெசமான ஜாடி?"

"நீங்க ஏறி நிக்கற பொட்டிக்குள்ளதானுங்க இருக்குது. அதுக்குத்தான் அசையாதீங்கன்னு அப்பவே கத்துனேன்."